குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுதல்

குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுதல் என்பது, படிக்கத் தெரியாத அல்லது இப்போதுதான் படிக்கத் தொடங்கியுள்ள சிறு குழந்தையை அருகில் அமர்த்திக்கொண்டு, பெற்றோரோ வீட்டிலுள்ள பிற பெரியவர்களோ ஒரு நூலை வாய்விட்டுப் படித்து, அதன் படங்களைக் காட்டி, அதைப் பற்றிக் குழந்தையுடன் உரையாடும் செயலாகும். பிறந்த சில மாதங்களிலிருந்து தொடக்கப்பள்ளி வயது வரை இது பயனுள்ளதாகக் கருதப்படுகிறது. குழந்தையின் சொல்வளம், கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆற்றல், பின்னாளைய வாசிப்புத் திறன் ஆகியவற்றுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1980-கள் முதல் பல நாடுகளில் ஆராயப்பட்டுள்ளது.

தமிழில் இச்செயலுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. தமிழ்க் குழந்தை வீட்டில் பேசும் மொழியும் நூலில் காணும் மொழியும் ஒன்றல்ல. பள்ளிக்குச் செல்லும் முன்னரே எழுத்துத் தமிழைக் காதால் கேட்டுப் பழகுவதற்கு, வாசித்துக் காட்டுதல் வீட்டிலேயே கிடைக்கும் எளிய வாய்ப்பாகும்.

சொற்பொருள்

தமிழ்நாட்டில் படித்தல் என்ற சொல் நூலை வாசிப்பதையும் பாடம் கற்பதையும் சேர்த்தே குறிக்கிறது. "படி" என்று பெரியவர்கள் கூறும்போது அது பெரும்பாலும் பாடப்புத்தகத்தையே குறிக்கும். இலங்கைத் தமிழில் நூலைப் படிப்பதை வாசித்தல் என்றும், கல்வி கற்பதைப் படித்தல் என்றும் வேறுபடுத்தி வழங்குவர். வாசித்துக் காட்டுதல், படித்துக் காட்டுதல், உரக்க வாசித்தல் ஆகிய மூன்றும் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன.

இது கதை சொல்லுதலிலிருந்து வேறுபட்டது. கதை சொல்பவர் நினைவிலிருந்து, பேச்சுமொழியில், கேட்போருக்கு ஏற்ப மாற்றிச் சொல்கிறார். வாசித்துக் காட்டுபவர் அச்சில் உள்ள சொற்களை ஒலிக்கிறார். கதை ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் திரும்ப வருகிறது. இரண்டும் குழந்தைக்கு நன்மை தருபவை. எனினும் அவை தரும் நன்மைகள் முழுவதும் ஒன்றல்ல.

வரலாறு

ஒருவர் படிக்கப் பலர் கேட்பது தமிழகத்தில் நெடுங்கால வழக்கமாகும். கோயில்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் புராணம் படித்தலும், தேநீர்க் கடைகளில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க மற்றவர் கேட்டலும் அண்மைக் காலம் வரை பரவலாக இருந்தன. ஆயினும் இவை பெரியவர்களுக்கான வாசிப்புகள். குழந்தைகள் கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்து கேட்டனர். குழந்தைக்கென்று வீட்டில் இருந்தவை தாலாட்டும், நிலாப்பாட்டும், பாட்டி சொல்லும் கதைகளுமே ஆகும்.

20ஆம் நூற்றாண்டில் குழந்தைகளுக்கான அச்சு நூல்கள் பெருகின. 1947ஆம் ஆண்டில் அம்புலிமாமா இதழ் தொடங்கப்பட்டது. குழந்தைக் கவிஞர் எனப்படும் அழ. வள்ளியப்பா (1922–1989) எளிய சொற்களில் பாடல்கள் இயற்றியதோடு, 1950ஆம் ஆண்டில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றவும் காரணமாக இருந்தார். பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் 10 தொகுதிகளாக வெளிவந்தது. கோகுலம் இதழ் 1972ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் அறிவியல் இதழான துளிர் 1987ஆம் ஆண்டிலும் தொடங்கின. இவற்றுள் பெரும்பாலானவை தாமாகவே படிக்கத் தெரிந்த சிறுவர்களை எண்ணி எழுதப்பட்டவை. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்குப் பெற்றோர் படித்துக் காட்டத்தக்க பெரிய படங்களும் குறைந்த சொற்களும் கொண்ட நூல்கள், 1990-களின் நடுப்பகுதிக்குப் பிறகே தமிழில் கணிசமாக வரத் தொடங்கின.

உலகளவில் இக்கருத்து பொதுமக்களிடம் பரவியதில் அமெரிக்கரான ஜிம் டிரிலீசின் பங்கு குறிப்பிடத்தக்கது. உரக்க வாசித்தலைப் பற்றி அவர் 1979ஆம் ஆண்டில் தாமே வெளியிட்ட கையேடு, 1982 முதல் பெங்குவின் நிறுவனத்தால் பலமுறை பதிப்பிக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டில் பாசுட்டன் நகர மருத்துவமனையில், குழந்தைகளைப் பரிசோதிக்கும் மருத்துவர் ஒவ்வொரு வருகையின்போதும் ஒரு நூலைக் கொடுத்து, அதைக் குழந்தையுடன் சேர்ந்து படிக்குமாறு பெற்றோரை ஊக்குவிக்கும் திட்டம் தொடங்கியது. 1992ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 300 குடும்பங்களுக்கு நூல் வழங்கித் தொடங்கிய புக்சுடார்ட் திட்டம் பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014ஆம் ஆண்டில், பிறந்தது முதலே குழந்தைக்கு வாசித்துக் காட்டுமாறு பெற்றோருக்கு எடுத்துரைப்பது மருத்துவர்களின் பணிகளுள் ஒன்று எனக் கொள்கை அறிக்கை வெளியிட்டது.

நன்மைகள்

சொல்வளம்

அன்றாடப் பேச்சு பெரும்பாலும் ஒரு சிறிய சொல் வட்டத்துக்குள் நிகழ்கிறது. உண்ணுதல், உடுத்தல், உறங்குதல், புறப்படுதல் ஆகியவற்றுக்குத் தேவையான சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. குழந்தைகளுக்கான நூல்களில் அரிய சொற்களின் விழுக்காடு பெரியவர்களின் சாதாரண உரையாடலில் இருப்பதைவிட அதிகம் என்பதை ஏசு, ஆரன்சு ஆகியோர் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில மொழி ஆய்வு காட்டியது. வீட்டில் எவரும் சொல்ல வாய்ப்பில்லாத கலங்கரை விளக்கம், முட்புதர், வியப்பு போன்ற சொற்களைக் குழந்தை நூலின் வழியே படத்துடன் சேர்த்துக் கேட்கிறது. ஒரே நூலைப் பலமுறை படிக்கச் சொல்லிக் குழந்தை வற்புறுத்துவது இயல்பானதே. அவ்வாறு மீண்டும் மீண்டும் கேட்பதே புதிய சொல்லை நிலைநிறுத்துகிறது.

வாசிப்புக்கு ஆயத்தம்

நூலை எப்படிப் பிடிப்பது, எப்பக்கமிருந்து புரட்டுவது, வரிகள் இடமிருந்து வலமாகச் செல்கின்றன என்பது, கருப்புக் கோடுகளுக்கு ஒலி உண்டு என்பது ஆகியவற்றைக் குழந்தை பார்த்தே கற்றுக்கொள்கிறது. எதுகையும் மோனையும் அமைந்த பாடல்களைக் கேட்கும் குழந்தை, சொற்களுக்குள் ஒத்த ஒலிகள் இருப்பதை உணர்கிறது. மூன்று வயதில் குழந்தைப் பாடல்களை நன்கு அறிந்திருத்தலுக்கும் பின்னாளில் படிக்கக் கற்றலுக்கும் தொடர்பு இருப்பதை பிரையன்ட், பிராட்லி ஆகியோரின் குழு 1989ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கண்டறிந்தது.

தமிழில் எழுத்துகள் 247. இவற்றை ஒலியோடு பொருத்தி விரைவாகப் படிக்கக் குழந்தைக்குச் சில ஆண்டுகள் ஆகின்றன. இதேபோன்ற எழுத்தமைப்பு உடைய கன்னடத்தில், எழுத்துகளை முழுமையாகக் கற்பது தொடக்கப்பள்ளியின் மூன்றாம், நான்காம் வகுப்புகள் வரை நீள்வதை சோனாலி நாக் தம் ஆய்வில் (2007) எடுத்துக்காட்டினார். இந்த நீண்ட இடைவெளியில் குழந்தை தானாகப் படிக்கக்கூடியவை ஓரிரு சொற்கள் மட்டுமே. பெரியவர் வாசித்துக் காட்டினால் மட்டுமே, படிப்பு என்பது எழுத்துக்கூட்டல் மட்டுமன்று, அதற்கு அப்பால் ஒரு கதை இருக்கிறது என்பதை அக்குழந்தை அறியும். பள்ளியில் சேர்ந்ததும் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடக் கூடாது என வல்லுநர்கள் கூறுவதற்கு இதுவே காரணம்.

உறவும் கவனமும்

ஒரே பக்கத்தை இருவரும் சேர்ந்து பார்ப்பது குழந்தையின் கவனத்தை ஒருமுகப்படுத்துகிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரையடுத்த காயெலிச்சா என்னும் வறிய குடியிருப்பில், 14 முதல் 16 மாதக் குழந்தைகளின் தாய்மார்களுக்குப் படநூலைப் பகிர்ந்து பார்க்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவுகள், குழந்தைகளின் சொற்களிலும் கவனத்தை நிறுத்தும் ஆற்றலிலும் தெளிவான முன்னேற்றத்தைக் காட்டின. உலக சுகாதார அமைப்பு 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை அமர்ந்திருக்கும் நேரத்தில் திரையைப் பார்ப்பதற்கு மாற்றாகப் பெரியவருடன் நூல் வாசிப்பிலும் கதை சொல்லலிலும் ஈடுபடுவது பரிந்துரைக்கப்பட்டுள்ளது.

இரட்டை வழக்கும் தமிழ்க் குழந்தையும்

ஒரே மொழியின் பேச்சு வடிவமும் எழுத்து வடிவமும் பெரிதும் வேறுபட்டு, தனித்தனிச் சூழல்களில் வழங்குவது இரட்டை வழக்கு எனப்படும். சார்லசு பெர்குசன் 1959ஆம் ஆண்டில் இக்கருத்தை விரிவாக முன்வைத்தார். அரபு, தமிழ் ஆகியவை இரட்டை வழக்கு மொழிகளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகளாகக் கருதப்படுகின்றன.

வீட்டில் "அவங்க வந்தாங்க" என்று கேட்கும் குழந்தை, நூலில் "அவர்கள் வந்தார்கள்" என்பதைக் காண்கிறது. "மழ பேஞ்சுது" என்பது "மழை பெய்தது" என்றும், "எல" என்பது "இலை" என்றும், "தொறந்தான்" என்பது "திறந்தான்" என்றும், "போயிட்டான்" என்பது "போய்விட்டான்" என்றும் அச்சில் வருகின்றன. ஆகவே முதல் வகுப்பில் சேரும் குழந்தை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியுள்ளது. ஒன்று எழுத்துகளைக் கற்பது. மற்றொன்று, தான் பேசாத ஒரு மொழிவடிவைக் கற்பது. எழுத்துக்கூட்டி "திறந்தான்" என்று சரியாக ஒலித்த பின்னரும், அச்சொல்லை முன்பு கேட்டிராத குழந்தைக்குப் பொருள் உடனே விளங்குவதில்லை.

இச்சிக்கல் அரபு மொழியில் நேரடியாக ஆராயப்பட்டுள்ளது. டினா பைட்டல்சன் தலைமையிலான குழு 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இசுரேலில் உள்ள அரபு மழலையர் வகுப்புகளில் ஆசிரியர்கள் நாள்தோறும் எழுத்து அரபு மொழியில் அமைந்த கதைகளை ஐந்து மாதங்கள் வாசித்துக் காட்டினர். குழந்தைகளால் அம்மொழியைப் புரிந்துகொள்ள இயலாது என்ற எண்ணத்தில், கதைகளைப் பேச்சு வழக்குக்கு மாற்றிச் சொல்வதே அதுவரை வழக்கமாக இருந்தது. ஆய்வின் முடிவில், கதை கேட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட எழுத்து மொழியில் கேட்டதை நன்கு புரிந்துகொண்டனர்; படங்களைப் பார்த்துத் தாமே கதை சொல்வதிலும் மேம்பட்டிருந்தனர்.

இம்முடிவு தமிழ்ப் பெற்றோருக்கும் பொருந்தும் எனக் கொள்ளலாம். குழந்தைக்குப் புரியாது என்று அஞ்சி, நூலை முழுவதும் பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்பவர் ஒரு நல்ல கதையைச் சொல்கிறார். ஆனால் எழுத்துத் தமிழைக் கேட்கும் வாய்ப்பைக் குழந்தைக்கு அளிப்பதில்லை. மாறாக, எழுத்துத் தமிழை மட்டும் படித்துவிட்டு விளக்காமல் சென்றால் குழந்தை ஆர்வம் இழக்கும். அச்சிலுள்ளபடி ஒரு வாக்கியத்தைப் படித்து, உடனே பேச்சு வழக்கில் அதைப் பற்றிப் பேசுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகும்.

திருப்போரூர், மாமல்லபுரம் வட்டாரத்தில்

படித்துப் பின் பேச்சில் விளக்கும் இம்முறை தொண்டை மண்டலத்துக்குப் புதியதன்று. செங்கல்பட்டு மாவட்டம் உள்ளிட்ட வடதமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விழாக் காலத்தில் பாரதம் படித்தல் நடைபெறுகிறது. வில்லிபாரதச் செய்யுள் பாடப்பட்டு, பாரதப் பிரசங்கியார் அதற்கு மக்கள் பேசும் தமிழில் பொருள் கூறுகிறார். பகலில் கேட்ட கதையே இரவில் தெருக்கூத்தாக நடிக்கப்படுகிறது. எழுத்தறியாதவர்களும் சிறுவர்களும் 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த ஒரு செய்யுள் நூலின் சொற்களை இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் காதால் அறிந்துவந்தனர். உயர்ந்த நடையைக் கேட்டல், எளிய நடையில் விளக்கம் பெறல், காட்சியாகக் காணல் என்ற மூன்று படிகளும் இதில் உள்ளன. படநூலை வாசித்துக் காட்டும் பெற்றோர் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

திருப்போரூர் கந்தசாமி கோயிலைச் சார்ந்து 17ஆம் நூற்றாண்டில் சிதம்பர சுவாமிகள் இயற்றிய திருப்போரூர்ச் சந்நிதி முறையும் ஓதியும் கேட்டும் வழங்கிவரும் நூலாகும். இங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள மாமல்லபுரத்தில், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துச் சிற்பத் தொகுதியான அருச்சுனன் தபசு ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பாறையில் அமைந்துள்ளது. இது அருச்சுனனின் தவமா, பகீரதனின் தவமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதில் பெரிய யானையின் அருகே, முனிவரைப் போலக் கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றி எலிகளும் செதுக்கப்பட்டுள்ளன. பூனை ஏன் இப்படி நிற்கிறது, எலிகள் ஏன் ஓடவில்லை, அடுத்து என்ன நடக்கும் என்று குழந்தையைக் கேட்க இச்சிற்பம் இடமளிக்கிறது. அருகிலுள்ள கிருட்டிண மண்டபத்தில் பால் கறக்கும் காட்சியும், தன் கன்றை நக்கும் பசுவும் உள்ளன. ஒரு படத்தைச் சேர்ந்து பார்த்து அதைப் பற்றிப் பேசுவதே படநூல் வாசிப்பின் உயிர்நாடி என்பதால், எழுத்தில்லாத இத்தகைய காட்சிகளும் அதே பயிற்சியை அளிக்கின்றன.

இவ்வட்டாரத்தின் இன்றைய குடும்பச் சூழல் பலவகைப்பட்டது. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை மீனவர் குப்பங்களும், கேளம்பாக்கம் பகுதியில் உப்பளங்களும், உள்நாட்டில் வேளாண் ஊர்களும், இருளர் குடியிருப்புகளும், சிறுசேரியை ஒட்டித் தகவல் தொழில்நுட்ப நிறுவனப் பணியாளர்களின் அடுக்ககங்களும் ஒரே வட்டாரத்தில் உள்ளன. விடியற்காலையில் கடலுக்குச் செல்பவருக்கும், இரவு நெடுநேரம் கழித்து வீடு திரும்பும் நிறுவனப் பணியாளருக்கும் குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் வீட்டிலிருப்பது எளிதன்று. கட்டுமானப் பணிக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் வீட்டுமொழி தமிழன்று. உறங்கும் முன் அரை மணி நேர வாசிப்பு என்ற மேலைநாட்டு வழக்கம் இவர்கள் அனைவருக்கும் அப்படியே பொருந்தாது. பத்து நிமிடமாயினும் நாள்தோறும் ஒரே வேளையில், வீட்டில் உள்ள எவரேனும் ஒருவர் வாசிப்பது நடைமுறைக்கு ஏற்றது.

உரையாடல் வழி வாசிப்பு

வாசித்துக் காட்டும் முறைகளுள் மிகுதியாக ஆராயப்பட்டது உரையாடல் வழி வாசிப்பு ஆகும். நியூயார்க்கு மாநிலத்தில் குரோவர் வைட்டுகர்சிட்டும் அவர் குழுவினரும் 1988ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோர் சிலருக்கு, வெறுமனே படிக்காமல் வினா எழுப்பிக் குழந்தையைப் பேசவைக்கப் பயிற்சி அளிக்கப்பட்டது. மற்றவர்கள் வழக்கம்போலப் படித்தனர். ஒரு மாதத்தில் பயிற்சி பெற்றோரின் குழந்தைகள் பேச்சுத்திறனில் முந்தினர். ஒன்பது மாதங்களுக்குப் பின்னரும் வேறுபாடு ஓரளவு நீடித்தது. 1992ஆம் ஆண்டில் மெக்சிக்கோ நாட்டின் ஒரு குழந்தைகள் காப்பகத்தில், வறிய குடும்பக் குழந்தைகளிடமும் இதைப் போன்ற பயன் காணப்பட்டது.

இம்முறையில் காலப்போக்கில் கதை சொல்பவராகக் குழந்தையும், கேட்பவராகப் பெரியவரும் மாறுகின்றனர். இதன் படிகள் வருமாறு:

- தூண்டுதல்: படத்தைச் சுட்டி ஒரு வினா கேட்டல். "இது என்ன?" என்பதில் தொடங்கி, "இவன் ஏன் அழுறான்?" என்பது போன்ற விரிந்த வினாக்களுக்குச் செல்லலாம்.
- ஏற்றல்: குழந்தை கூறும் விடையை ஏற்று மகிழ்ச்சி தெரிவித்தல். தவறாயின் கடியாமல் சரியான சொல்லைக் கூறுதல்.
- விரித்தல்: குழந்தை கூறியதுடன் ஓரிரு சொற்களைச் சேர்த்தல். குழந்தை "படகு" என்றால், "ஆமாம், மீன் பிடிக்கிற பெரிய படகு" எனலாம்.
- மீளச் சொல்லுதல்: விரித்த தொடரைக் குழந்தையையே சொல்லவைத்தல்.

கதையைக் குழந்தையின் வாழ்வோடு இணைப்பதும் நன்மை தரும். படத்தில் அலையைக் கண்டதும், தான் கடற்கரைக்குச் சென்ற நாளைப் பற்றிக் குழந்தை பேசத் தொடங்கினால், கதையைச் சற்று நிறுத்திவிட்டு அதைக் கேட்பதே சிறந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் வினாக்களை அடுக்கினால் வாசிப்பு தேர்வாக மாறிவிடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

வயதுக்கேற்ற முறைகள்

ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கதையைவிடக் குரலே முதன்மையானது. கிழியாத தடித்த அட்டை நூல்களும், ஒரு பக்கத்துக்கு ஒரு பெரிய படமும் ஏற்றவை. குழந்தை நூலை வாயில் வைப்பதும் பக்கங்களைத் தாண்டிப் புரட்டுவதும் இயல்பு. ஒன்று முதல் மூன்று வயது வரை, பெயர் சொல்லிச் சுட்டுதலும் திரும்பத் திரும்ப வரும் தொடர்களும் குழந்தையை ஈர்க்கின்றன. மூன்று முதல் ஐந்து வயது வரை தொடக்கம், சிக்கல், முடிவு ஆகியவை உள்ள கதைகளைப் படிக்கலாம். இவ்வயதில் வரியின் கீழ் விரல் வைத்து நகர்த்திப் படிப்பது எழுத்தின் மீது கவனத்தைத் திருப்ப உதவும். இவ்வாறு சுட்டாவிடில் குழந்தையின் கண்கள் பெரும்பாலும் படங்களிலேயே நிற்கின்றன என்பதைக் கண் அசைவைப் பதிவு செய்த கனடா நாட்டு ஆய்வு ஒன்று 2005ஆம் ஆண்டில் காட்டியது. ஐந்து வயதுக்கு மேல், குழந்தை ஒரு பக்கமும் பெரியவர் ஒரு பக்கமுமாக மாறி மாறிப் படிக்கலாம்.

திரையில் படிக்கும் மின்னூல்கள் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் 2019ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அச்சு நூலைப் பயன்படுத்தியபோது நிகழ்ந்ததைவிடக் கைக்கணினியில் படித்தபோது பெற்றோருக்கும் குழந்தைக்கும் இடையிலான பேச்சு குறைந்திருந்தது. கருவியை யார் பிடிப்பது என்பதிலேயே பேச்சு செலவாவது இதற்கு ஒரு காரணம். ஓசையும் அசைவும் இல்லாத மின்னூலைத் தெரிவு செய்து, கருவியைப் பெரியவரே பிடித்துக்கொள்வது இக்குறையைக் குறைக்கும்.

எழுத்தறியாத பெற்றோர்

படிக்கத் தெரியாத பெற்றோரும் இதில் பங்கேற்க இயலும். எழுத்தே இல்லாத படநூல்கள் இதற்கு ஏற்றவை. படத்தைப் பார்த்துத் தாமே கதை கட்டுவதிலும், வினா கேட்பதிலும், விரித்துப் பேசுவதிலும் எழுத்தறிவு தேவைப்படுவதில்லை. மேல் வகுப்பில் படிக்கும் அக்காவோ அண்ணனோ வாசிக்க, தாய் உடனிருந்து உரையாடுவதும் ஒரு வழி. இதனால் வாசிக்கும் சிறுவருக்கும் பயிற்சி கிடைக்கிறது. வீட்டுமொழி வேறாக உள்ள குடும்பங்கள் அம்மொழியிலேயே பேசிப் படநூலைப் பயன்படுத்தலாம்.

1990-களில் தமிழ்நாட்டில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தில், தொண்டர்கள் சிறு நூல்களைக் கற்போருக்கு உரக்க வாசித்துக் காட்டினர். பெரியவர்களும் எழுத்தின் பக்கம் முதலில் கதையாலேயே ஈர்க்கப்பட்டனர் என்பது அவ்வியக்கம் தந்த பாடங்களுள் ஒன்று.

நூல்களும் நிறுவனங்களும்

சென்னையைச் சேர்ந்த தாரா (1994), தூலிகா (1996) ஆகிய பதிப்பகங்கள் தமிழில் படநூல்களை வெளியிட்டுள்ளன. பாரதி புத்தகாலயம், வானம் பதிப்பகம் ஆகியவையும் சிறுவர் நூல்களை வெளியிடுகின்றன. தேசிய புத்தக அறக்கட்டளையும் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையும் குறைந்த விலையில் நூல்களைத் தருகின்றன. பெங்களூரில் 2004ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம் புக்சு நிறுவனம், 2015ஆம் ஆண்டில் சுடோரிவீவர் என்ற தளத்தைத் தொடங்கியது. இதில் தமிழ் உட்பட நூற்றுக்கணக்கான மொழிகளில் படக்கதைகள் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. எவரும் அவற்றைப் படிக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். சாகித்திய அகாதமி 2010ஆம் ஆண்டு முதல் சிறுவர் இலக்கியத்துக்கென பால சாகித்திய விருதை வழங்குகிறது.

பொது நூலகங்களும் இதற்குத் துணையாகின்றன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் நூலகங்கள் நடத்தப்பட்டு வருகின்றன. 2010ஆம் ஆண்டில் சென்னையில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு உண்டு.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோரை நாள்தோறும் சந்திக்கும் இடம் அங்கன்வாடி ஆகும். 1975ஆம் ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் இயங்கும் இம்மையங்கள் தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் உள்ளன. பள்ளி அளவில், 2021ஆம் ஆண்டு அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் குழந்தைகளுக்குக் கற்பித்தனர். 2022ஆம் ஆண்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. 2023ஆம் ஆண்டின் வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்பு நிலைகளுக்கேற்பச் சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு அளித்தது.

இம்முயற்சிகளின் தேவையைக் கல்வி நிலை பற்றிய ஆண்டறிக்கையான ஏசர் காட்டுகிறது. இந்திய ஊரகப் பகுதிகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடிய ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் 2018ஆம் ஆண்டில் 50.5 விழுக்காடாக இருந்தனர். கோவிட் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட பின், 2022ஆம் ஆண்டில் இது 42.8 விழுக்காடாகக் குறைந்தது. பள்ளி மூடப்பட்ட காலத்தில் வீட்டில் வாசிப்பு இருந்ததா இல்லையா என்பது குழந்தைகளிடையே பெரும் வேறுபாட்டை ஏற்படுத்தக்கூடியது.

வரம்புகளும் மாற்றுக் கருத்துகளும்

வாசித்துக் காட்டுதலின் பயன் சில வேளைகளில் மிகைப்படுத்திக் கூறப்படுகிறது. 1995ஆம் ஆண்டில் பசு, வான் ஐசன்டூர்ன், பெலகிரினி ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குழந்தைகளிடையே மொழித் திறனிலும் வாசிப்புத் திறனிலும் காணப்படும் வேறுபாடுகளில் சுமார் 8 விழுக்காட்டையே இது விளக்கியது. 2019ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு தொகுப்பாய்வில், பெற்றோருக்குக் குறுகிய காலம் பயிற்சியளிக்கும் திட்டங்களின் விளைவு மிகச் சிறியதாகவே இருந்தது. சில வாரப் பயிற்சியைவிடப் பல ஆண்டுப் பழக்கமே பயன் தரும் என இதற்கு விளக்கம் கூறப்படுகிறது.

கதை வாசிப்பு மட்டும் எழுத்துகளைக் கற்பித்துவிடாது. கனடாவில் செனெசல், லெபெவர் ஆகியோர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து நடத்திய ஆய்வில் (2002), கதை வாசிப்பு சொல்வளத்தோடும், பெற்றோர் எழுத்துகளைக் கற்பிப்பது எழுத்தறிவோடும் தனித்தனியே தொடர்பு கொண்டிருந்தன. இரண்டும் தேவை, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

நூல் வாசிப்பைப் பெற்றோரின் கடமையாக வலியுறுத்துவது, நூலும் நேரமும் உள்ள நடுத்தரக் குடும்பங்களின் வழக்கத்தையே அளவுகோலாக்குகிறது என்ற திறனாய்வும் உண்டு. இந்தியாவில் இப்பொறுப்பு பெரும்பாலும் தாயின் மீதே விழுகிறது. பாட்டு, விடுகதை, கதை சொல்லல் ஆகியவற்றில் வளமான வீட்டை, நூல் இல்லை என்பதற்காகக் குறையுள்ளதாகக் கருத முடியாது. விடுகதையும் சொல் விளையாட்டும் சொற்களின் ஒலியையும் பொருளையும் கூர்ந்து நோக்கவே கற்பிக்கின்றன. ஆயினும் அவை பேச்சுத் தமிழில் அமைந்தவை. பள்ளியில் குழந்தை எதிர்கொள்ளும் எழுத்துத் தமிழை அறிமுகப்படுத்த அவற்றுடன் நூலும் சேர வேண்டியுள்ளது. நூல் வாங்க இயலாத வீட்டுக்கு அதைக் கொண்டு சேர்ப்பது பெற்றோரின் பொறுப்பைவிட நூலகம், அங்கன்வாடி, பள்ளி ஆகியவற்றின் பொறுப்பே என்பது இத்திறனாய்வாளர்களின் கருத்தாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- குழந்தை இலக்கியம்
- இரட்டை வழக்கு
- தாலாட்டு
- விடுகதை
- தெருக்கூத்து
- அங்கன்வாடி
- திருப்போரூர்